சிவப்பு ஊசிக்கு முதலில் நீட்டிய கை

எங்கள் பக்கத்தில் ஒருவனுக்கு வயிறு வீங்கி, கண் மஞ்சளித்து, காலில் நீர் கோர்த்தால் அவன் குடிகாரன். அதற்கு மேல் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். பாறசாலைச் சந்தையில் மரச்சீனி விற்பவர் முதல் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காருகிறவர் வரை இந்த ஒரு விஷயத்தில் எல்லோருக்கும் டாக்டர் பட்டம் உண்டு. என் தம்பிக்கு முப்பத்திரண்டு வயதில் இதெல்லாம் வந்தபோது அந்தப் பட்டதாரிகள் ஒரே நாளில் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டார்கள். அவன் வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்தவனில்லை. இதை எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. சொல்லிச் சொல்லி வாய் அலுத்துவிட்டது. இப்போது எழுதுகிறேன், கையும் அலுக்கட்டும்.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. நான் பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கீழ்வகுப்பு டீச்சர். என்னைவிட நான்கு வயது இளையவனான தம்பி பொழியூர் கடற்கரையில் மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின் பழுதுபார்ப்பவன். காலையில் போனால் சாயங்காலம் உப்பும் எண்ணெயுமாகத் திரும்புவான். அந்த எஞ்சின்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. டாங்கிலிருந்து எண்ணெயை வடிக்க ஒரு ரப்பர் குழாயை உள்ளே விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்ச வேண்டும். எத்தனை கவனமாக உறிஞ்சினாலும் ஒரு மடக்கு வாய்க்குள் வந்துவிடும். துப்பிவிட்டு, அந்த நாற்றம் போவதற்காகக் கிராம்பு மெல்லுவான். அவன் சட்டைப் பையில் எப்போதும் காகிதத்தில் மடித்த கிராம்பு இருக்கும். துவைக்கப் போட்ட சட்டையிலும் இருக்கும்.

அவனுக்குப் பொய் சொல்ல வராது. பெருமைக்காகச் சொல்லவில்லை, பலமுறை எரிச்சலோடு சொன்னதைத்தான் சொல்கிறேன். சின்ன வயதில் ஒருநாள் பந்து எறிந்து ஊறுகாய்ப் பரணியை உடைத்துவிட்டான். "எலே, பூனை தட்டிச்சுன்னு சொல்லு, நான் பாத்துக்கிடுதேன்" என்று நான் எல்லா ஏற்பாடும் செய்து கொடுத்தேன். அவன் நேராக அம்மாவிடம் போய், "நானாக்கும் உடைச்சேன்" என்று சொல்லி அடி வாங்கினான். பூனைக் கதை சொல்லிக் கொடுத்ததற்காக எனக்கும் இரண்டு விழுந்தது. மடையன் என்று அன்றைக்கு ராத்திரி சோறு தின்னும்வரை திட்டினேன்.

காலில் வீக்கம் வந்ததும் அவனும் அவன் மனைவியும் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போனார்கள். அங்கிருந்த டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், கண்ணை இழுத்துப் பார்த்தார். "லிவர் போச்சு. இனியாவது குடிய நிறுத்து" என்றார். ஒரு ஊசி ரத்தம்கூட எடுக்கவில்லை. மனைவி அங்கேயே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாளாம். வீட்டுக்கு வந்த பிறகு அவனிடம் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"குடிச்சேன்னு ஒரு தடவ வாயத் தொறந்து சொல்லும். நான் பொறுத்துட்டு இருந்துடுதேன்."

"குடிக்காத்தத எப்பிடி சொல்ல?"

"டாக்டரு பொய்யா சொல்லுவாரு?"

"நானும் பொய் சொல்லல்ல."

மூன்று மாதம் இந்த நாலு வாக்கியம்தான் அந்த வீட்டில் ஓடியது. பிறகு அவள் ஏழு வயது மகளைக் கூட்டிக்கொண்டு கொல்லங்கோட்டில் இருக்கும் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாடு. பஸ்ஸில் போனால் அரை மணி நேரம் ஆகாது. ஆனால் போனவள் திரும்பி வர ஒன்பது மாதம் ஆயிற்று.

அதற்குப் பிறகு தம்பி என் வீட்டுக்கு வந்தான். என் வீட்டுக்காரர் அதிகம் பேசுகிறவரில்லை. முன்னறையில் மச்சினனுக்குக் கட்டிலை இழுத்துப் போட்டு, "அளியன் இங்க கிடக்கட்டும், காத்து வரும்" என்று மட்டும் சொன்னார். நான் லீவு போட்டு அவனைத் திருவனந்தபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அதன் பிறகு எத்தனை தடவை போனோம் என்று கேட்காதீர்கள். விடிவதற்குள் கிளம்ப வேண்டும். நெய்யாற்றின்கரை வரும்போதே பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது. அவன் வீங்கிய காலை யாராவது மிதிப்பார்கள். அங்கே போய் சீட்டு எடுக்க ஒரு வரிசை, ரத்தம் கொடுக்க ஒரு வரிசை, கொடுத்த ரத்தம் என்ன சொல்கிறது என்று கேட்க இன்னொரு நாள், இன்னொரு வரிசை. அந்தக் காலத்தை நினைத்தாலே எனக்கு முதலில் ஞாபகம் வருவது இடுப்பு வலிதான்.

அங்கே ஒரு டாக்டரம்மா இருந்தார். சின்ன வயது, மலையாளத்தில்தான் பேசுவார். எங்களுக்கும் அது வீட்டு மொழி மாதிரிதான். அவர்தான் முதன்முதலாக அந்தப் பெயரைச் சொன்னார்: ஹெப்படைட்டிஸ் சி. ரத்தத்தில் இருந்து ரத்தத்துக்குப் போகும் ஒரு கிருமி. சில வருஷங்களுக்கு முன்புவரை அதற்குப் பெயர்கூடக் கிடையாதாம். ஏ கிருமியும் இல்லை, பி கிருமியும் இல்லை என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்களாம். உள்ளே வந்தால் இருபது வருஷம்கூடச் சத்தம் காட்டாமல் ஈரலைத் தின்னும் என்றார். "எப்போதாவது ரத்தம் ஏற்றினார்களா? ஆபரேஷன்? பச்சை குத்தியது? ஊசி?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். தம்பி எல்லாவற்றுக்கும் தலையாட்டி மறுத்தான். ஊசி என்றதும் நான் மட்டும் நிமிர்ந்தேன்.

எனக்குப் பன்னிரண்டு வயது, அவனுக்கு எட்டு. பரீட்சை முடிந்த லீவு. அந்த நாட்களில் எங்கள் ஊரில் பிள்ளைகள் மெலிந்து இருந்தால் சத்து ஊசி போடுவார்கள். சிவப்பு மருந்து. ஒன்றுவிட்டு ஒருநாள், மொத்தம் பத்து ஊசி. கம்பவுண்டர் சைக்கிளில் வருவார். நல்ல மனிதர், எல்லா வீட்டுக்கும் வேண்டியவர். காலையில் முதல் வீட்டில் அலுமினியப் பெட்டியை அடுப்பில் ஏற்றி ஊசியையும் கண்ணாடிக் குழலையும் கொதிக்க வைப்பார். அன்றைக்கு அவ்வளவுதான் கொதி. பிறகு வீடு வீடாக ஒரே ஊசி. ஒவ்வொரு கைக்கும் நடுவில் ஸ்பிரிட் பஞ்சால் ஊசியைத் துடைப்பார். அந்த மணம் வந்தால் சுத்தம் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம், அவரும் நம்பினார். எங்கள் வீட்டுக்கு வரும்போது நாலைந்து வீடு முடிந்திருக்கும். ஊசி முனை மழுங்கி, குத்தினால் தோல் கிழிகிற மாதிரி வலிக்கும்.

எங்கள் வீட்டில் எல்லாம் வயசு வரிசைதான். சோறு விளம்புவது, குளிப்பது, புதுச்சட்டை, அடி, எல்லாவற்றுக்கும் மூத்தது முதலில். ஊசிக்கும் அப்படித்தான். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இடது கையை நீட்டுவேன். அழக்கூடாது, அழுதால் தம்பி பயப்படுவான் என்பது அம்மாவின் உத்தரவு. என் கையிலிருந்து எடுத்த ஊசியைத் துடைத்துவிட்டு மறுபடி சிவப்பு மருந்தை உறிஞ்சி, அவன் கையில் ஏற்றுவார். பத்துத் தடவை.

அந்த மழைக்காலத்தில் எனக்கு மஞ்சள்காமாலை வந்தது. கண், நகம், எல்லாம் மஞ்சள். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி அம்மா ஒரு மாதம் ஊற்றினாள். உப்பு இல்லை, எண்ணெய் இல்லை, மீன் கண்ணிலேயே காட்டவில்லை. தம்பிக்கு ஒன்றுமே வரவில்லை. என் பங்கு மீனையும் சேர்த்துத் தின்றான். "அவனுக்க உடம்பு கல்லாக்கும். நீதான் வாழத்தண்டு" என்று அம்மா என்னைப் பார்த்துச் சலித்துக்கொண்டாள். அம்மா இதையெல்லாம் பார்க்காமலே போய்ச் சேர்ந்தது நல்லதுதான்.

இதைச் சொல்லி முடித்ததும் டாக்டரம்மா என் ரத்தத்தையும் எடுக்கச் சொன்னார்.

தம்பியின் ரத்தத்தில் கிருமி இருந்தது. அந்தக் காகிதத்தை அவன் கொல்லங்கோட்டுக்குக் கொடுத்து அனுப்பினான், மனைவி பார்த்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில். பாவம். குடியைவிட அது மோசமாக முடிந்தது. ரத்தத்தில் கிருமி என்றால் அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்தது எய்ட்ஸ் ஒன்றுதான். கடற்கரையில் வேலை செய்கிறவன் எங்கெங்கே போனானோ என்று ஒரு பேச்சு கிளம்பிற்று. முன்பு குடிகாரன் மட்டும், இப்போது கூட இன்னொரு பட்டமும் சேர்ந்தது. இந்த நோய் வேறு, அது வேறு என்று நான் விளக்கப் போனால், "டீச்சருக்க தம்பியாக்கும், அப்பிடித்தானே சொல்லுவாவ" என்பார்கள்.

ஒரு மத்தியானம் கட்டிலில் சாய்ந்திருந்தவன் சொன்னான்: "அவ வரணும்னு இல்லக்கா. அவ நம்பினாப் போதும். உனக்க அப்பன் குடிச்சுச் செத்தான்னு பிள்ளைக்கிட்ட சொல்லப்பிடாது. எனக்கு அதொண்ணுதான்."

ஈரல் சுருங்கிவிட்டது, வயிற்றில் நீர் நிற்காமல் சேர்கிறது, அப்போதிருந்த மருந்தை இந்த நிலையில் கொடுத்தால் அதுவே ஆளைக் கொன்றுவிடும் என்று டாக்டரம்மா என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். ஆகவே பிழைப்பானா என்ற கேள்வி எங்கள் வீட்டில் இல்லை. நம்புவாளா என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் என் ரத்தத்தில் இருந்தது.

முதல் சோதனையில் எனக்கும் அந்தக் கிருமி வந்ததன் அடையாளம் தெரிந்தது. "பேடிக்கண்டா" என்றார் டாக்டரம்மா, பயப்படாதே என்று. இன்னொரு சோதனைக்கு ரத்தத்தைப் பம்பாய்க்கு அனுப்பினார்கள். சில வாரம் கழித்துப் பதில் வந்தது. எதிர்த்துச் சண்டை போட்ட அடையாளம் இருக்கிறது, கிருமி இல்லை. எனக்கு வந்து, அதுவாகவே போயிருக்கிறது. அந்த மஞ்சள்காமாலைதான் சண்டை. கண் மஞ்சளித்து ஒரு மாதம் கிடந்த நான் அன்றைக்கே தப்பித்துவிட்டேன். ஒன்றுமே வராமல் மீன் தின்றுகொண்டு திரிந்தவனுக்குள் அது குடியேறிவிட்டது.

"ஒரே ஊசி, ஒரே வீடு, ஒரே சாப்பாடு. பிறகு எப்படி?" என்று கேட்டேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கோபப்படவில்லை. பிறவியிலேயே வரும் வித்தியாசமாக இருக்கலாம் என்றார். உள்ளே நுழைகிற கிருமியை அடையாளம் காட்டிக் கொடுக்கிற சில அமைப்புகள் உடம்பில் இருக்கின்றன, அவை ஆளுக்கு ஆள் வேறு. சிலருடையது இந்தக் கிருமியைச் சட்டென்று பிடித்துக் கொடுத்துவிடுகிறது, பலருடையது விட்டுவிடுகிறது. அதெல்லாம் அம்மா அப்பாவிடமிருந்து வருவது. "உடன்பிறந்தவர்கள்தான். ஆனால் அவர்களிடமிருந்து இரண்டு பேருக்கும் ஒரே பாதி கிடைப்பதில்லை. முழுதாக யாருக்கும் தெரியாது, இப்போதுதான் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்" என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது இதையே அரைத்துக்கொண்டு வந்தேன். அம்மா ஒரே சட்டியிலிருந்துதான் எங்களுக்கு விளம்பினாள். இரண்டு தட்டிலும் ஒரே துண்டு மீன் விழ முடியாது. என் தட்டில் நடுத்துண்டு விழுந்திருக்கிறது. அவன் ஒன்றும் தப்புச் செய்யவில்லை, நான் ஒன்றும் புண்ணியம் செய்யவில்லை. பின்னாட்களில் இப்படிக் கிருமி தானாகப் போகிறவர்களுக்கும் போகாதவர்களுக்கும் உள்ள வித்தியாசம் எந்த மரபணுவின் பக்கத்தில் இருக்கிறது என்றே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று ஒரு பத்திரிகையில் படித்தேன். அந்த நோய்க்கே மூன்று மாத மாத்திரை வந்துவிட்டதாம். பத்திரிகையை மடித்து வைத்தேன். அறிவு வளர்வது நல்லதுதான். எனக்கு ஆயாசம்தான் வந்தது.

இனி நான் சொல்லப்போவது என் கேவலம். அந்தக் காகிதத்தை நான் மறைத்தேன்.

பாடக்குறிப்பு நோட்டின் அட்டைக்குள் மடித்துச் செருகி வைத்தேன். தம்பி கேட்டான், "அக்கா, உனக்க சோதனை என்னாச்சு?" "எனக்கு ஒண்ணும் இல்ல மக்கா" என்றேன். அவன், "நல்லது" என்று உண்மையான நிம்மதியோடு சொன்னான். என் காகிதம் ஒன்றுதான் அவனைக் காப்பாற்றும் என்று தெரிந்தே இதைச் செய்தேன். குடிக்காத, கடற்கரைப் பக்கமே போகாத அக்காவுக்கும் அதே கிருமி வந்திருக்கிறது என்றால், அது அந்த ஊசியிலிருந்து வந்தது என்று குழந்தைக்கும் புரியும். தெரிந்துதான் நான்கு மாதம் பூட்டி வைத்தேன்.

காரணம் கேட்டால் பள்ளிக்கூடம் என்று சொல்லலாம். டீச்சருக்கு ரத்தத்தில் கிருமி என்று தெரிந்தால் என் வகுப்பில் ஒரு பிள்ளையை விடுவார்களா? போயிற்று, இப்போது இல்லை என்று சொன்னால் யார் கேட்பார்கள்? அது உண்மையான காரணம்தான். ஆனால் அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. டாக்டரம்மாவிடம் நான் கேட்டிருந்தேன்: "முதல் இரண்டு மூன்று ஊசியில் எனக்கு வந்திருந்தால், கடைசி ஊசிகளில் என் கையிலிருந்து அவன் கைக்குப் போயிருக்குமா?" அவர் பேனாவை மூடினார். "முந்தைய வீடுகளிலிருந்து நேராகவும் வந்திருக்கலாம். உங்களிடமிருந்தும் வந்திருக்கலாம். யாராலும் சொல்ல முடியாது. எதற்கு இதையெல்லாம் யோசிக்கிறீர்கள்?" என்றார். எதற்கா? நான் முதலில் கை நீட்டியவள். காகிதத்தைக் காட்டினால் அவன் கணக்குப் போட்டுவிடுவான். எஞ்சினில் எந்த ஓட்டை வழியாக எண்ணெய் கசிகிறது என்று தொட்டே சொல்கிறவன் அவன்.

அதை முடித்து வைத்தது அவன் மகள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளுடைய மாமா அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். தம்பி கட்டிலில் எழுந்து உட்கார்ந்து தலை வாரிக்கொண்டான். வாய் கசக்கிறது என்று இரண்டு கிராம்பு மென்றுகொண்டிருந்தான். பிள்ளை வாசலிலேயே நின்றது. மூக்கைப் பொத்திக்கொண்டு, "அப்பா இண்ணைக்கும் குடிச்சுதா?" என்று கேட்டது. யாரோ சொல்லிக் கொடுத்ததைச் சொல்கிற தொனி இல்லை. சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டது. தம்பி சிரித்தான். "இல்ல மக்கா" என்றான். பிள்ளை நம்பவில்லை என்பது அதன் முகத்தில் தெரிந்தது. அவன் கிராம்பை உள்ளங்கையில் துப்பி, என்ன செய்வது என்று தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு நான் கொல்லங்கோட்டுக்குப் போனேன்.

தம்பி மனைவி பின்வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "என்ன மைனி, பள்ளிக்கூடம் இல்லியா?" என்றாள். எழுந்திருக்கவில்லை.

"லீவு. நீ இத வாசி."

அவள் பத்தாம் வகுப்பு படித்தவள். ஆங்கிலத்தில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் பார்த்தாள். "இதுல உங்களுக்க பேருல்லா இருக்கு?"

"எனக்கதுதான். அவனுக்கு உள்ள அதே கெருமி எனக்கும் வந்திருக்கு. நான் குடிப்பேனா? நான் கடப்புறத்துல எவன்கூடயாவது சுத்தினேனா? சொல்லு பாப்போம்."

ஊசிக் கதை முழுவதையும் சொன்னேன். கம்பவுண்டர், அலுமினியப் பெட்டி, பத்து ஊசி, என் மஞ்சள்காமாலை, எல்லாம். நான் தப்பியதும் அவன் தப்பாததும் பிறவி வாகு, நடத்தையில் இல்லை என்று டாக்டரம்மா சொன்னதையும் சொன்னேன். அவள் கீரையை உருவுவதை நிறுத்தவே இல்லை. முடிந்ததும் கேட்டாள்:

"அப்பம் அந்தக் கிராம்பு?"

"என்ன கிராம்பு?"

"எனக்க அப்பா தெனமும் சாராயம் குடிச்சிட்டு, மணம் தெரியாம இருக்க கிராம்பு தின்னுட்டாக்கும் வீட்டுல கேறுவாரு. கிராம்பு மணம் வந்தா நானும் அம்மையும் அடுக்களைக்குள்ள ஓடிருவோம். இவரும் வரும்பம் அதே மணம்."

"அடிப்பாவி. அவன் மண்ணெண்ணெ உறிஞ்சி எடுக்கியவனாக்கும். வாய் நாறாதா?"

"அவரும் அதத்தான் சொன்னாரு மைனி. எனக்க அப்பாவும் ஆயிரம் காரணம் சொல்லுவாரு." அவள் அழவில்லை. வெறும் தண்டை உருவிக்கொண்டிருந்தாள், அதில் இலையே இல்லை.

பிறகு காகிதத்தை மறுபடி எடுத்தாள். மேலே இருந்த தேதியில் விரலை வைத்தாள். "இது எப்ப வந்தது?"

நான் ஒரு கீரைத்தண்டை எடுத்து உருவ ஆரம்பித்தேன்.

"நாலு மாசமாச்சே. நாலு மாசம் இத வச்சிட்டா இருந்தீங்க?"

அவள் என்னைத் திட்டியிருக்கலாம், திட்டவில்லை. அவனுக்கு அநியாயம் செய்ததில் அவளும் நானும் ஒரே தட்டில்தான் இருந்தோம். அன்று சாயங்காலமே ஒரு பையில் துணியை அடைத்து, பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து நேராகக் கூட்டிக்கொண்டு என்னோடு பஸ் ஏறினாள். பிள்ளை ஜன்னல் பக்கம் வேண்டும் என்று அடம் பிடித்தது.

அவளைக் கண்டதும் தம்பி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அழுகிறான் என்று முதுகைப் பார்த்துத் தெரிந்தது. அவள் கட்டில் காலடியில் தரையில் உட்கார்ந்து அவன் வீங்கிய பாதத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு பிள்ளையை இழுத்து, "அப்பா குடிக்காத ஆளாக்கும். அம்மைக்குத்தான் தெரியாமப் போச்சு" என்றாள். அவ்வளவுதான். ஒன்பது மாதம் அவன் காத்திருந்தது அந்த ஒரு வாக்கியத்துக்கு. அதில் நான்கு மாதம் நான் தின்றது. அடுத்த வாரம் அவளுக்கும் பிள்ளைக்கும் ரத்தம் சோதித்தோம். இருவருக்கும் ஒன்றுமில்லை.

அதன் பிறகு அவன் ஏழு வாரம் இருந்தான். என் காகிதத்தை அவனே கேட்டு வாங்கி வாசித்தான். தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டான். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. சோறு வைக்கும்போதும் மருந்து கொடுக்கும்போதும் நான் அவன் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தேன். கடைசி நாட்களில் சிலவேளை அவனுக்குப் புத்தி தடுமாறும், நாள் கிழமை தெரியாது. டாக்டரம்மா அதையும் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

ஆனால் நான் சொல்லும் இந்த நாளில் அவனுக்குப் புத்தி தெளிவாகவே இருந்தது. வெள்ளிக்கிழமை என்று அவனே சொன்னான். பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வர இன்னும் ஒரு மணி நேரம் உண்டு என்றும் சொன்னான். நான் போர்வையை மடித்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, நீ கெடந்து உருகுதே."

"ஒண்ணும் இல்ல."

"உனக்கு போட்ட ஊசிதானே எனக்கும் போட்டாருன்னு நினைக்கே."

நான் போர்வையை மறுபடி விரித்து மறுபடி மடித்தேன்.

"நீ மறந்துட்டே" என்றான். "அந்தத் தடவ நானாக்கும் முதல்ல போட்டேன். பத்து ஊசியும். உனக்கு அப்பம் பேடி. கம்பவுண்டருக்க சைக்கிள் மணி கேட்டா நீ கிணத்துக்குப் பின்னால போய் ஒளிஞ்சு நிப்பே. அவருக்கு நேரமாவும். என்னையப் பிடிச்சுப் போட்டுட்டு, பெறவுதான் உன்னைய இழுத்துட்டு வருவாவ. ஒருநாள் நீ பச்சப் பாவாடை உடுத்திருந்தே. அம்மை ஏசினா. எனக்கு நல்ல ஓர்மை உண்டு."

நான் பதினெட்டு வருஷமாகப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டியவள். பொய் சொல்லிப் பழக்கமில்லாத பிள்ளை தேவைக்கு மேல் விவரம் சொல்லும். கேட்காத பாவாடையின் நிறத்தைச் சொல்லும். சொல்லும்போது கண்ணைப் பார்க்காது. அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். எங்கள் வீட்டுக் கிணற்றுக்குப் பின்னால் முள்வேலி, ஒரு கோழி நிற்க இடம் கிடையாது. என் வலது உள்ளங்கையில் ஜன்னல் கம்பியின் துரு மணம் இன்றைக்கும் இருக்கிறது.

அப்போது அவன் மனைவி கஞ்சியோடு உள்ளே வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். நான் போர்வையைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. கிண்ணத்தை ஸ்டூலில் வைத்தாள்.

"என்ன மைனி சம்சயிச்சு நிக்கிதீங்க? அவரு சொன்னா உள்ளதாத்தான் இருக்கும். அவருக்குப் பொய் சொல்ல வராது."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். என் வாயிலிருந்து என்ன வரும் என்று காத்திருக்கிறான் என்று எனக்குத் தெரிந்தது.

"ஆமா, வராது" என்றேன்.